வெளியே தெறிக்காத தோட்டா

கேப்டன் முஹன்னதும் ஆயுதக் கிடங்கு சார்ஜென்ட் சைஹூதும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்பது தெற்கு இராக்கின் அமாரா காவல் நிலையத்து வாசலில் டீ விற்பவனுக்குக்கூடத் தெரியும். தவிர்க்க முடியாமல் பேச வேண்டி வந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும்.

"அந்தக் கிடங்குக்காரன்கிட்ட சொல்லு, என் ஆளுங்களுக்குத் தோட்டா வேணும்" என்பான் கேப்டன், கிடங்குக்காரர் கையெட்டும் தூரத்தில் நிற்கும்போதே.

"அந்த அதிகாரிகிட்ட சொல்லு, கர்னல் உத்தரவு இல்லாம இங்கேருந்து ஒரு குண்டூசி வெளிய போகாது" என்பார் சைஹூத், கேப்டனைப் பார்க்காமலே.

நடுவில் மாட்டிய கான்ஸ்டபிளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்துப் போகும்.

பகை புதுக் கைத்துப்பாக்கிகளோடு வந்தது. அதுவரை இடுப்பில் இருந்தவை பழைய இராக்கித் துப்பாக்கிகள். முழுக்க இரும்பு. பிடிக்கு மேலே ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு. அதைத் தள்ளினால்தான் சுடும். படையிலிருந்து வந்த கிழட்டுப் போலீஸ்காரன் தூக்கத்தில்கூடக் கட்டைவிரலால் அந்தப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வான். புதியவற்றின் உடம்பு பிளாஸ்டிக். எடை பாதி, தோட்டா இரண்டு மடங்கு. மழையில் நனைந்தாலும் மணலில் புரண்டாலும் சுடும். ஆனால் கையால் தள்ளுகிற பூட்டு என்று ஒன்று அதில் கிடையாது. விசையின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று மட்டும் உண்டு. விசையை நேராக அழுத்தினால் நாக்கும் சேர்ந்து அழுந்தும், வெடிக்கும். அழுத்துவது விரலா வேறெதுவுமா என்று அதற்குத் தெரியாது.

சைஹூத் எல்லோரையும் சுடுதளத்தில் நிறுத்தி இதையேதான் திரும்பத் திரும்பக் கத்தினார். "இதுல பூட்டு உங்க விரல்தான். சுடுறதுக்கு முன்னாடி விரல் உள்ள போகக் கூடாது. உறையில வைக்கும்போது கண்ணால பார்த்து வைங்க. பொண்டாட்டி மூஞ்சிய பார்க்கிற மாதிரி பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முஹன்னத் மட்டும் துப்பாக்கியை விரலில் மாட்டிச் சுழற்றியபடி பக்கத்திலிருந்தவனோடு பேசிக்கொண்டிருந்தான். குழல்வாய் வரிசையில் நின்றவர்களின் வயிற்றை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனது.

"விரலை எடுடா, முட்டாள்!" என்று சைஹூத் கத்தியது அதிகாரியைப் பார்த்து அல்ல, குழல்வாயைப் பார்த்து. வார்த்தை வார்த்தைதானே. முஹன்னத் நிதானமாக நடந்து வந்தான். முப்பது வயதுக்காரன், நாற்பத்தாறு வயதுக்காரரின் கன்னத்தில் முழு வரிசைக்கு முன்னால் ஓங்கி அறைந்தான்.

அந்த ஊரில் தோட்டா பட்டவன்கூட ஆறிப்போவான், அறை வாங்கியவன் ஆற மாட்டான். சைஹூதின் மாமன் மச்சான்கள் அன்று மாலையே பழி தீர்க்கக் கிளம்பினார்கள். கர்னல் நிஸார் நடுவே புகுந்து, கேப்டனை ஒப்புக்கு மன்னிப்புக் கேட்க வைத்து, அதை அமுக்கிவிட்டார். அமுங்கியது வெளியில்தான்.

மறுவருடம் ஜனவரியில், மழை விட்ட ஒரு முற்பகலில், பாலத்துச் சோதனைச் சாவடியில் ஃபாலிஹ் செத்தான்.

ஃபாலிஹ் சதுப்பு நிலத்துக்காரன். சிபாயிஷிலிருந்து சின்ன லாரியில் மீன் கொண்டுவந்து அமாரா சந்தையில் விற்பவன். வாய் கொஞ்சம் நீளம். முஹன்னதுக்கும் அவனுக்கும் முன்பே இரண்டு தடவை வாய்த்தகராறு நடந்திருந்தது. அன்று முஹன்னத் துப்பாக்கியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு மீன் பெட்டிகளை இறக்கச் சொன்னதையும், ஒரு பெட்டியைக் காலால் உதைத்ததையும், கெண்டைகள் ஈரத் தார்ச்சாலையில் சிதறியதையும் லாரிக்கு அந்தப் பக்கம் நின்ற கான்ஸ்டபிள்கள் பார்த்தார்கள். பிறகு வெடிச் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தபோது ஃபாலிஹ் மீன்களுக்கு நடுவில் குப்புறக் கிடந்தான். குண்டு தோளுக்குப் பக்கத்தில் நுழைந்து நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. மருத்துவமனை வாசலிலேயே உயிர் போய்விட்டது.

"என் துப்பாக்கியப் பிடுங்கப் பாய்ஞ்சான். சுட்டேன்" என்றான் முஹன்னத்.

உடலைக் கழுவிய உறவினர்கள் காயத்தைப் பார்த்தார்கள். மேலிருந்து கீழாகப் போன குண்டு. பாய்ந்து வந்தவனுக்கு அப்படிப் படாது. "மீன் பொறுக்கிக்கிட்டிருந்தவன மண்டி போட வச்சு மேலேருந்து சுட்டிருக்கான்" என்ற பேச்சு பிற்பகல் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

கர்னல் நிஸார் துப்பாக்கியை உறையோடு ஒரு பையில் போட்டு ஆயுதக் கிடங்குக்குத் தானே எடுத்து வந்தார். "புலனாய்வு ஆளுங்க பாக்தாத்திலேருந்து வரணும். அதுவரைக்கும் உள்ள வச்சுப் பூட்டு. கை வைக்காத, அபூ மைதம்."

"சரி சார்" என்றார் சைஹூத். மகன் பேரை வைத்து, மைதமின் அப்பா என்ற பொருளில்தான் ஊர் அவரை 'அபூ மைதம்' என்று கூப்பிடும்.

கர்னல் போனதும் சைஹூத் கை வைத்தார்.

முதலில் மேகசினை உருவினார். பிறகு துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தார். உள்ளேயிருந்து மேசையில் விழுந்தது முழுத் தோட்டா அல்ல, வெடித்துத் தீர்ந்த வெற்றுக் கூடு.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தத் துப்பாக்கி கையில் இருக்கும்போது சுட்டால் ஸ்லைடு பின்னுக்குப் பாயும், வெற்றுக் கூட்டை வெளியே தெறிக்கவிடும், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். கூடு உள்ளேயே நின்றுபோயிருக்கிறது என்றால் ஸ்லைடை ஏதோ நகரவிடாமல் பிடித்திருக்கிறது. உறையை எடுத்து விளக்கில் காட்டினார். உட்புறம் முழுக்கக் கரி. விசையைச் சுற்றிய வளையத்தில் கறுப்பு நூல் பிசிறு ஒட்டியிருந்தது. குளிர்கால ஜாக்கெட்டின் இடுப்பில் தொங்குமே, அந்த நாடாவின் நூல்.

எல்லாம் கண்முன் ஓடியது. கீழே ஃபாலிஹ் குந்தி மீன் பொறுக்குகிறான். இவன் மேலே நின்று ஏதோ ஏளனமாகச் சொல்லிக்கொண்டே, பார்க்காமல், துப்பாக்கியை உறைக்குள் திணிக்கிறான். நாடாவின் முனையிலிருக்கும் பிளாஸ்டிக் குமிழ் விசைக்குள் மாட்டுகிறது. திணிக்கத் திணிக்க விசை அழுந்துகிறது. பாயவுமில்லை, பிடுங்கவுமில்லை. இவன் சுடவுமில்லை. கண்ணால் பார்க்காத கேடு.

சைஹூதுக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு அல்ல. 'கொலைகாரன்னு பேர் வாங்கிட்டுச் சாவு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வெற்றுக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டார். நூல் பிசிறை ஊதித் தள்ளினார். உறையின் உட்புறத்தை ஒரு துணியால் துடைத்தார்.

மாலையில் கர்னல் கேட்டார். "துப்பாக்கியில ஏதாவது கோளாறு இருக்குமா?"

"துப்பாக்கி சுத்தமா இருக்கு சார்."

அது உண்மைதான். அதனால்தான் அவருக்கு அது இனித்தது.

ஃபாலிஹின் அண்ணன் சாசிப் தம்பியைப் புனித நகரான நஜஃபில் அடக்கம் செய்துவிட்டு வந்து மூன்று நாள் துக்கத்துக்குக் கூடாரம் போட்டான். கூடாரத்தில் வைத்தே அவர்கள் குலம் முடிவு செய்தது: இது தெரிந்து செய்த கொலை, இரத்தத்துக்கு இரத்தம். முஹன்னதைக் கர்னல் நிலையத்துக்குள்ளேயே ஓர் அறையில் அடைத்துவைத்திருந்தார். பாதி கைதாக, பாதி அவன் உயிரைக் காப்பாற்ற. கிடைக்காதவனை விட்டுவிட்டு அவன் குடும்பத்தில் கிடைப்பவனைத் தேடுவதுதான் வழக்கம்.

அந்த வாரம் சைஹூதின் நடை மாறியிருந்தது. டீக்கடையில் இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தார். முஹன்னத் இருந்த அறையின் ஜன்னல் வழியாகப் போகும்போது வேண்டுமென்றே செருமினார்.

"என்ன, உன் வீட்டுக்கு மருமகப் பிள்ளை வந்த மாதிரி முகம் மின்னுது?" என்றாள் மனைவி நஹ்லா.

"ஆண்டவன் கணக்கு தீர்க்கிறான்."

"ஆண்டவன் தீர்க்கிறானா, நீ தீர்க்கிறியா?" என்றவள், "சரி, கடைசிப் பொண்ணுக்கு இருமல் நிக்கலை. மருந்து வாங்கிட்டு வா" என்று அனுப்பினாள்.

சந்தைத் தெருவிலிருந்த மருந்துக் கடை முஹன்னதின் அண்ணன் யாசீனுடையது என்பது சைஹூதுக்குத் தெரியாததல்ல. யாசீன் சாது, தம்பி அறைந்ததற்குத் தம்பி மனசாரக் கேட்காத மன்னிப்பைச் சைஹூதின் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனவன். கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. அதில் சிவப்புச் சாயத்தில், ஆள் உயரத்துக்கு, 'இரத்தத்துக்குத் தேடப்படுகிறார்கள்' என்று எழுதியிருந்தது. எழுத்துகளுக்கு நடுவே குண்டு துளைத்த ஓட்டைகள்.

எதிர்க்கடைத் துணி வியாபாரி தானாகவே பேசினான். "நேத்து சுட்டுட்டுப் போனாங்க, அபூ மைதம். உள்ளதான் இருந்தான். முழங்கையில பட்டுருச்சு. கட்டுப் போட்ட கையோட பிள்ளைங்களைத் தூக்கிக் காருல போட்டுக்கிட்டு ஓடிட்டான். எங்கன்னு யாருக்குத் தெரியும்? அடுத்த தடவை நெஞ்சுல படும்."

சைஹூத் வேறு தெருவில் மருந்து வாங்கினார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சட்டைப் பையில் அந்தக் கூடு நெஞ்சில் உரசிக்கொண்டே வந்தது. அவர் வெறுத்தது ஒருவனை. கை உடைந்தது வேறொருவனுக்கு. அடுத்து யாருடைய பிள்ளை விழும்? முஹன்னத் குலத்தார் சும்மா இருப்பார்களா? அவர்களும் சாசிப் வீட்டில் ஒருவனைத் தேடுவார்கள். தான் சட்டைப் பையில் வைத்திருப்பது ஒரு பித்தளைத் துண்டு அல்ல என்று அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை அந்த அறைக்குள் நுழைந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு நடுவில் ஆள் இல்லாமல் இருவரும் நின்றார்கள். முஹன்னத் சவரம் செய்திருக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் எழவில்லை.

"என்ன, வேடிக்கை பார்க்க வந்தியா? டிக்கெட் எவ்வளவு?"

சைஹூத் கூட்டை எடுத்துக் காட்டினார். "இது உன் துப்பாக்கிக்குள்ள இருந்தது. வெளிய தெறிக்கலை."

முஹன்னதின் முகம் வெளுத்தது. அவனுக்குத் தெரியும். அன்றே தெரியும்.

"நாடா மாட்டிக்கிச்சு. நீ சுடலை. அதைச் சொல்லு. துப்பாக்கிக்குள்ள கூடு நின்னதுக்கு நான் சாட்சி சொல்றேன். தவறிப்போய் நடந்த சாவுன்னா அவங்க உயிருக்குப் பதிலா பணம்னு பேசுவாங்க. உன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பலாம்."

"வாயை மூடு." முஹன்னத் எழுந்தான். "என்னன்னு சொல்லச் சொல்ற? கேப்டன் முஹன்னத் ஜாக்கெட் நாடாவால ஒருத்தனைக் கொன்னான்னா? துப்பாக்கியை உறையில வைக்கத் தெரியாதவன்னா? நாளைக்கு எவன்டா எனக்கு சல்யூட் வைப்பான்? அவன் பாய்ஞ்சான், நான் சுட்டேன். ஆம்பளைக்கு அது போதும்."

"உன் அண்ணனுக்கு முழங்கை போச்சு."

"அது என் குடும்பம். உனக்கென்ன வலிக்குது?"

"எனக்கு வலிக்கலை. நீ செத்தா நான் கூடாரத்துக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போவேன். ஆனா செத்தவன் ஒருத்தன் பாயாமலே பாய்ஞ்சான்னு பேர் வாங்கிக்கிட்டுக் குழியில கிடக்கிறான். உன் அண்ணன் செய்யாத கொலைக்கு ஓடிக்கிட்டிருக்கான்."

"அப்போ ஏன்டா இத்தனை நாள் பையில வச்சிருந்தே, பெரிய நீதிமான்?"

சைஹூத் கூட்டை மறுபடி சட்டைப் பையில் போட்டார். முஹன்னத் நெருங்கி வந்து மூச்சுப் படும்படி நின்றான். "போய்ச் சொல்லு. சொன்னா உன்னை நான் விட மாட்டேன். அன்னைக்கு ஒரு அறையோட விட்டது என் தப்பு."

"இன்னொண்ணு அடிச்சுப் பாரு. இன்னைக்கு வரிசையில யாரும் இல்ல, நான் திருப்பி அடிப்பேன்."

அவன் அடிக்கவில்லை. சைஹூத் நேராகக் கர்னலிடம் போனார். கூட்டை மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார், தான் மறைத்ததையும் சேர்த்து. கர்னல் நிஸார் கூட்டை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"உன்னை இப்பவே உள்ள தள்ளணும்."

"தள்ளுங்க சார். அதுக்கு முன்னாடி என்னை அவங்க குலத்தலைவர் ஷேக் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

சாசிப் குலத்து ஷேக்கின் நாணல் மண்டபத்தில் இரு வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கரியில் காப்பிக் கெண்டிகள் நின்றன. முஹன்னத் குலத்துப் பெரியவர்கள் ஒரு பக்கம், தலை குனிந்து. ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் தரையில் வைத்திருந்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார்கள். யாரும் அவர்களைக் குடியுங்கள் என்று சொல்லவும் இல்லை.

சைஹூத் எழுந்து நின்று சொன்னார். கூடு, கரி, நூல், நாடா. சொல்லி முடிக்குமுன்பே சாசிப் கத்தினான்.

"போலீஸ்காரன் போலீஸ்காரனுக்குத்தான் சாட்சி சொல்வான்! எவ்வளவு குடுத்தான் உனக்கு?"

"அவன் எனக்குக் குடுத்தது ஒரே ஒரு அறை" என்றார் சைஹூத். "கன்னத்துல. இந்த ஊரே பார்த்துச்சு."

மண்டபத்தில் முணுமுணுப்பு ஓடி அடங்கியது. அந்த அறையைப் பற்றிக் கேள்விப்படாதவர் அங்கே யாரும் இல்லை.

ஷேக் கேட்டார். "அப்பாஸ் மேல சத்தியம் பண்ணுவியா?"

தெற்கத்தியான் ஆண்டவன் மேல் பொய்ச் சத்தியம் செய்தாலும் செய்வான், தியாகிப் புனிதர் அப்பாஸ் மேல் செய்ய மாட்டான். சைஹூத் வலது கையை உயர்த்தினார். "அப்பாஸ் மேல சத்தியம். கூடு உள்ளதான் இருந்தது. அதை மறைச்சதும் நான்தான். அவனை நீங்க கொல்லட்டும்னு மறைச்சேன்."

வரிசையில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். "எங்க கையால உன் பழியத் தீர்த்துக்கப் பார்த்தியா, நாயே!" என்று ஒருவன் தலைத்துணிமேல் கட்டியிருந்த கயிற்றை உருவிச் சைஹூதின் மேல் வீசினான். அது தோளில் பட்டு விழுந்தது. கர்னல் நடுவில் நின்றார். சைஹூத் அசையவில்லை. தான் கொண்டுவந்திருந்த பையைத் திறந்து அதே மாதிரித் துப்பாக்கி ஒன்றையும், உறையையும், குளிர்கால ஜாக்கெட்டையும் தரையில் வைத்தார்.

"நான் சொல்றத நம்ப வேண்டாம். துப்பாக்கி தெரியாதவங்க இங்க யாரு? சாசிப், நீயே காலியான்னு பார்த்துக்கோ. ஜாக்கெட்டைப் போட்டுக்கோ. கீழ பார்க்காம உறையில வை."

சாசிப் வெறுப்போடு எழுந்து வந்தான். மேகசின் இல்லை என்று பார்த்தான், ஸ்லைடை இழுத்துக் குழலுக்குள் விரல் விட்டுப் பார்த்தான், பக்கத்திலிருந்தவனிடம் காட்டினான். ஜாக்கெட்டை மாட்டினான். உறையைக் கச்சையில் செருகினான். சைஹூதின் கண்ணைப் பார்த்தபடியே துப்பாக்கியை இடுப்புக்குக் கொண்டுபோனான். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை.

"பார்த்தீங்களா!" என்றான் சாசிப், மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து. அந்தத் திமிரிலேயே ஸ்லைடை மறுபடி இழுத்துவிட்டு மூன்றாம் தடவை ஓங்கித் திணித்தான்.

உறைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம்.

சின்னச் சத்தம்தான். கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. சாசிப் குனிந்து பார்த்தான். நாடாவின் குமிழ் விசைக்கும் உறைக்கும் நடுவில் சிக்கியிருந்தது. அவன் விரல் எங்கோ வெளியில் பிடியைச் சுற்றியிருந்தது. தன் கையையே வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு அப்படியே சம்மணமிட்டு உட்கார்ந்து, சால்வையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதான். தம்பியைப் புதைத்த நாளில்கூட அவன் அழவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"அப்போ அவன் பாயலை" என்றான், சால்வைக்குள்ளிருந்து. "மீன்தான் பொறுக்கிக்கிட்டிருந்தான்."

"மீன்தான் பொறுக்கிக்கிட்டிருந்தான்" என்றார் சைஹூத்.

சாசிபின் அழுகை அடங்கியதும் ஷேக், எதிர்வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார். "காப்பியைக் குடிங்க."

தவறிப்போய் நடந்த சாவு என்று பேசி முடித்தார்கள். யாசீன் குடும்பத்தோடு திரும்பி வந்து கதவிலிருந்த சிவப்பு எழுத்தின் மேல் பச்சைச் சாயம் பூசினான். இடது கை மட்டும் மடங்கவில்லை. முஹன்னத் கவனக்குறைவால் உயிர் போக்கியதற்கும் பொய் அறிக்கை கொடுத்ததற்கும் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. அதைவிட ஊர் அவனுக்கு வைத்த பெயர்தான் அவனை அறுத்தது. 'நாடாக் கேப்டன்' என்று டீ விற்பவன் முதற்கொண்டு சொன்னார்கள். சைஹூதின் பட்டைகள் பறிபோயின. ஈரான் எல்லையோரம், உப்புக் காற்று வீசும் ஒரு காவல் சாவடிக்கு மாற்றல் வந்தது. அங்கே கிடங்கும் இல்லை, சுடுதளமும் இல்லை.

முஹன்னதை வண்டியில் ஏற்றிய காலையில் சைஹூத் சாவியை ஒப்படைக்க வந்திருந்தார். விலங்கிட்ட கையோடு அவன் நின்றான்.

"சந்தோஷமா?"

"இல்ல."

"என் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? என்னைக் கொன்னிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். இதுக்கு நீ ஒரு நாள் பதில் சொல்லணும்."

"வெளிய வா, சொல்றேன். இடம் தெரியும்ல? எல்லையில இருக்கேன்."

முஹன்னத் அவர் காலடியில் காறித் துப்பினான். சைஹூதும் துப்பினார். கான்ஸ்டபிள் அவனை வண்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

வீட்டில் நஹ்லா கம்பளிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லைச் சாவடியில் குளிர் எலும்பைக் கடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"உயிரைக் காப்பாத்தினதுக்கு அவன் ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னானா?"

"செருப்பால அடிக்கலை, அவ்வளவுதான். கையில விலங்கு இருந்தது."

"நீ அவனை மன்னிச்சுட்டியா?"

சைஹூத் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மனசுக்குள் துழாவிப் பார்த்தார். வெறுப்பு இருந்த இடத்திலேயே, ஒரு இம்மியும் குறையாமல், இருந்தது.

"இல்ல" என்றார். "அந்தப் பழுப்புக் கம்பளியை வைக்காத. அதுல பூச்சி."